நீண்ட காலச் சேமிப்புக்கு எந்தப் புரதம்? பயறா, பால் பவுடரா, டின்னா?

விதைநெல்

நான்கு பேருக்கு மூன்று மாதம் தாங்கும்படி அவசரகால உணவு சேமிக்கத் திட்டம். ஒருவருக்கு 70 வயது தாண்டிவிட்டது, ஒரு பிள்ளைக்கு 6 வயது. அரிசி, எண்ணெய், சர்க்கரை, உப்பு எவ்வளவு என்பது முடிவாகிவிட்டது. புரதத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. முடிந்தவரை ஐந்து வருடமாவது கெடாமல் இருக்க வேண்டும். இப்போதைக்கு யோசித்திருப்பது: வே புரோட்டீன் பவுடர் (பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் புரதம்) பெரிய டப்பாக்கள், முழு ராஜ்மா, கொண்டைக்கடலை, கொஞ்சம் டின் மீன். எடைக்கு அதிகப் புரதம் தருவது வே பவுடர்தானே, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாமா? அடுப்பு எரிக்க எரிபொருள் குறைவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களஞ்சியம்

வே பவுடரை அடிப்படையாக வைக்க வேண்டாம். 100 கிராமில் 80 கிராம் புரதம் என்பது உண்மைதான். ஆனால் அதில் மிச்சமிருக்கும் பால் சர்க்கரையும், புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலமும் சும்மா இருக்காது. சூடான அறையில் இரண்டும் மெதுவாக வினைபுரியும். பவுடர் பழுப்பேறும், கட்டி தட்டும், பழைய அட்டைப்பெட்டி வாடை வரும். சாப்பிட்டால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் எந்த லைசினுக்காக வாங்கினோமோ அதில் ஒரு பகுதி உடம்புக்குப் பயன்படாத வடிவத்துக்குப் போயிருக்கும். மிதமான வெப்பத்தில் ஒன்று, ஒன்றரை வருடம் நல்ல தரத்தில் இருக்கும். 35 டிகிரி அறையில் மாதக் கணக்குதான். சுவை சேர்த்த டப்பாக்கள் இன்னும் சீக்கிரம் மாறும்.

இன்னொன்று, இதுதான் பெரிய விஷயம். அரிசியும் எண்ணெயும் முடிவாகிவிட்டது என்கிறீர்கள். மொத்தக் கலோரி எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பார்த்தீர்களா? கலோரி போதாவிட்டால் உடம்பு புரதத்தை எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். தசைக்குப் போக வேண்டியது அடுப்பு விறகாகிவிடும். புரதத்தின் கணக்கு மாவுச்சத்து, கொழுப்பு கணக்கோடு சேர்ந்துதான் வரும், தனியாக வராது.

எடைக்கு எவ்வளவு என்பதைத் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் உலர்ந்த 100 கிராமுக்கு: பருப்பு வகைகளில் 20 முதல் 25 கிராம் (கொண்டைக்கடலை கீழ்ப்பக்கம், மைசூர் பருப்பு மேல்பக்கம்), நிலக்கடலை 25, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 35, முழு சோயா 36, முட்டைப் பவுடர் 47, மீல்மேக்கர் 50. டின் மீன், சாறு வடித்த எடையில் 24 அளவில். அரிசி 7, கோதுமை 12 என்பதையும் மறக்க வேண்டாம். தினம் அதிக எடையில் சாப்பிடுவது தானியம்தான், அதனால் புரதத்தில் அதன் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது.

சத்துக்கணக்கு

களஞ்சியம் சொன்னதை எண்ணில் போட்டுவிடுகிறேன்.

பெரியவருக்கு உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது அடிப்படை. 60 கிலோ என்றால் 48 கிராம். 70 தாண்டியவருக்கு அது போதாது, 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். தசை குறைகிற வயது. 66 கிராம் என்று வைப்போம். 20 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய 20 கிராம். ஆக 48 + 48 + 66 + 20, நாளைக்கு 182 கிராம். இதில் பெரும்பங்கு தாவரப் புரதம், அது முழுதாகச் செரிக்காது; 85% சேரும் என்று வைத்தால் தட்டில் விழ வேண்டியது 214 கிராம்.

இப்போது ஒரு தலைக்குச் சராசரி: அரிசி 300 கிராம் (புரதம் 21), பருப்பு 70 கிராம் (17), கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 25 கிராம் (9), வாரத்துக்கு இரண்டு டின் மீன், வடித்த எடை 100 கிராம் வீதம் (நாளுக்கு 7). கூட்டினால் 54 சொச்சம், நாலு பேருக்கு 214 கிட்ட வந்துவிடும். வே பவுடர் ஒரு கரண்டிகூட இல்லாமல்.

90 நாளுக்கு வாங்க வேண்டியது: பருப்பு 25 கிலோ, பால் பவுடர் 9 கிலோ, டின் 104. அரிசி 108 கிலோ.

ஆனால் கலோரியைப் பாருங்கள். மேலே உள்ளது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1450தான். அதோடு நாளுக்கு 40 கிராம் எண்ணெயும் 50 கிராம் சர்க்கரையும் சேர்ந்தால்தான் 2000 தொடும். எண்ணெய் தீர்ந்த நாளிலிருந்து இந்தப் புரதக் கணக்கும் பொய்த்துப்போகும்.

விதைநெல்

இவ்வளவு தெளிவாகக் கணக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பருப்பும் அரிசியும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால்தான் புரதம் முழுமையாகும் என்கிறார்களே, அதைத் திட்டத்தில் கவனிக்க வேண்டுமா?

சத்துக்கணக்கு

ஒரே வேளையில் தேவையில்லை, ஒரே நாளில் இரண்டும் வந்தால் போதும். பருப்பில் மெத்தியோனின் குறைவு, லைசின் நிறைய, தானியத்தில் நேர்மாறு. எடையில் பருப்பு ஒரு பங்குக்குத் தானியம் இரண்டு மூன்று பங்கு என்றால் நன்றாக ஈடுகட்டும். மேலே சொன்ன அளவில் தானியம் நாலு பங்குக்கு மேல் இருக்கிறது, அந்த லைசின் குறையைப் பால் பவுடரும் மீனும் நிரப்புகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் பருப்பை 100 கிராமுக்கு ஏற்றுங்கள்.

பருப்பு எவ்வளவு ஏற்றினாலும் வராத சத்து ஒன்று உண்டு, பி12. தாவர உணவில் அது கிடையாது. மூன்று மாதம் என்றால் உடம்பின் கையிருப்பு தாங்கும் என்று சொல்லலாம். ஆனால் வயதானவர்களுக்குக் கையிருப்பே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்தி டின் இந்த இடத்தில் மிக நல்லது. முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்ந்து வரும். மீன் சாப்பிடாத வீடு என்றால் பால் பவுடர், முட்டைப் பவுடர், அதுவும் இல்லையென்றால் பி12 மாத்திரை.

அடுப்பங்கரை

எரிபொருள் குறைவுன்னு முதல் பதிவுலயே சொல்லிட்டீங்க, அதை யாரும் கையில எடுக்கலையே. முழு ராஜ்மா 8 மணி நேரம் ஊறணும், அப்புறம் திறந்த பாத்திரத்துல ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கொதிக்கணும். கொண்டைக்கடலையும் அப்படித்தான். தோல் நீக்கி உடைச்ச மைசூர் பருப்பு ஊற வைக்காமலே 20 நிமிஷத்துல குழைஞ்சிடும். ஒரே புரதம், மூணுல ஒரு பங்கு கூட எரிபொருள் ஆகாது. தண்ணியும் மிச்சம், ஏன்னா ஊறவச்ச தண்ணின்னு கொட்டுறதுக்கு எதுவும் இல்ல.

இன்னும் குறைக்கணும்னா பருப்பை மூடி போட்டு 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுங்க, அடுப்பை அணைச்சிட்டுப் பாத்திரத்தைத் தடிமனான போர்வையில நாலு சுத்து சுத்தி ஒரு மணி நேரம் வைங்க. அந்தச் சூட்டுலயே வெந்துடும். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிருக்கணும், பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறிடும்.

குக்கர் இருந்தா முழுப் பயறும் வைக்கலாம், ஊறினது 15லிருந்து 25 நிமிஷத்துல முடியும். ஒரு கேஸ்கெட் கூடுதலா வாங்கி டின்னோட சேர்த்து வைங்க. ரப்பர் இத்துப்போச்சுன்னா குக்கர் வெறும் கனமான பாத்திரம்தான்.

நுண்ணுயிர்

அடுப்பங்கரை அக்கா சொன்ன போர்வை முறையை ராஜ்மாவுக்கு யாரும் அப்படியே செய்துவிடாதீர்கள். ராஜ்மாவில் ஒரு லெக்டின் நச்சு இருக்கிறது. நாலைந்து மணிகளைச் சரியாக வேகாமல் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தண்ணீர் தட்டுப்பாடான நேரத்தில் அது சாதாரண விஷயமில்லை. 80 டிகிரி அளவில் மெதுவாக வேகவைத்தால் நச்சு அழியாது, பச்சையாக இருந்ததைவிட அதிகமாக வேலை செய்யவும் கூடும். விதை மெத்தென்று ஆகிவிட்டதால் வெந்துவிட்டது என்று நம்பவும் முடியாது.

முறை இதுதான்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், புதுத் தண்ணீரில் முழுக் கொதியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் போர்வையில் சுற்றிக்கொள்ளலாம். பழைய ராஜ்மாவை மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கும் இதே விதி. மாவு சீக்கிரம் கெட்டியாகிவிடுவதால் பத்து நிமிடத்தில் இறக்கிவிடத் தோன்றும், இறக்கக் கூடாது. இவ்வளவு கவனம் வேண்டாம் என்றால் ராஜ்மாவை விட்டுவிட்டு மைசூர் பருப்பு, பாசிப்பருப்பு, உடைத்த பட்டாணி என்று போவதே நல்லது.

விதைநெல்

ராஜ்மாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கொண்டைக்கடலை பத்துக் கிலோ மட்டும் வைக்கலாமா? ஐந்து வருடம் கழித்து எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே.

களஞ்சியம்

அது வெறும் பேச்சு இல்லை, நடப்பதுதான். ஆனால் அதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல; வெப்பமும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை. விதைக்குள் பைட்டேட் என்றொரு பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. 30 டிகிரிக்கு மேல், ஈரமான காற்றில் விதை கிடந்தால் அதன் நொதி பைட்டேட்டை மெல்ல உடைக்கும். விடுபட்ட கால்சியம் செல்களுக்கு இடையில் இருக்கும் பெக்டினோடு போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகக் கொதியில் கரைந்து செல்களைப் பிரியவிட வேண்டிய பெக்டின் இப்போது இறுகிப்போய் நிற்கிறது. தண்ணீர் உள்ளே போனாலும் விதை மசியாது. புரதம் எங்கேயும் போகவில்லை, பல்லுக்குத்தான் வழி விடாது.

அதனால் 20 டிகிரி பக்கம், 10% ஈரத்துக்குக் கீழே வைத்த கொண்டைக்கடலை பத்து வருடம் கழித்தும் வேகும், நேரம்தான் கூடும். 35 டிகிரியில் சாக்கில் கிடந்தது ஒரு வருடத்திலேயே தகராறு செய்யும்.

இறுகிவிட்டதற்கு மருந்து: லிட்டருக்கு 15 கிராம் உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு இரவு முழுதும் ஊறவையுங்கள். சோடியம் போய்க் கால்சியம் இருந்த இடத்தைப் பிடிக்கும், பெக்டின் தளரும். தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் போடுங்கள். சோடா அதிகமானால் சோப்புச் சுவை வரும், தயமின் சத்தும் அழியும். கால் தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். கடினநீராக இருந்தால் அதில் உள்ள கால்சியமே விதையை இறுக்கும், மழைநீர் இருந்தால் அதில் ஊறவையுங்கள். புளிப்பு எதுவானாலும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் சோடா செய்த வேலை வீண்.

அப்படியும் மசியவில்லை என்றால் பச்சையாக அரைத்து மாவாக்கிக் கஞ்சியில் சேருங்கள். கொண்டைக்கடலை மாவுக்கு ராஜ்மா போன்ற ஆபத்து இல்லை, நன்றாக வேகவிட்டால் போதும். கையால் சுற்றும் மாவு மெஷின் ஒன்று சேமிப்பில் இருப்பது இதற்காகத்தான்.

மலைமுகடு

எல்லாரும் பருப்பிலேயே நிற்கிறீர்கள். ஃப்ரீஸ் டிரை செய்த கோழி, மாட்டிறைச்சி 25 வருடம் வரும் என்று டின்னிலேயே போடுகிறார்களே? வெந்நீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. வீட்டிலேயே இறைச்சியைக் காயவைத்து ஆக்சிஜன் அப்சார்பர் (உள்ளே இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும் சின்னப் பை) போட்டு அடைத்தாலும் அதே பலன் கிடைக்கும்தானே?

நுண்ணுயிர்

இரண்டும் ஒன்றல்ல நண்பரே, இந்த இடத்தில் குழப்பிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து.

ஃப்ரீஸ் டிரை செய்ததில் ஈரம் 2, 3 சதவீதம்தான். டின் அடைத்தபடி குளிர்ந்த இடத்தில் இருந்தால் மிக நீண்ட காலம் வரும், எடையும் குறைவு. நல்ல பொருள்தான், புரதத்துக்குக் கொடுக்கும் விலைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். திறந்ததும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பெரிய டின்னைவிடச் சின்னப் பொட்டலம் மேல். வேகவைத்துக் காயவைத்ததா, பச்சையாகக் காயவைத்ததா என்று லேபிளில் பாருங்கள். உறையவைத்து உலர்த்துவது கிருமியைக் கொல்லாது, தூங்கவைக்கும். பச்சை என்றால் தண்ணீர் சேர்த்த நொடியிலிருந்து அது பச்சை இறைச்சிதான்.

வீட்டில் காயவைத்த இறைச்சியில் ஈரமும் கொழுப்பும் மிஞ்சும். ஆக்சிஜனை எடுத்துவிட்டால் பூஞ்சை வராது, ஆனால் ஆக்சிஜன் இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம்தான் போட்டுலிசம் கிருமிக்குப் பிடித்த இடம். அதன் நச்சுக்கு வாடை இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. காயவைக்கும் முன் இறைச்சியின் உட்புற வெப்பம் 71 டிகிரி, கோழியானால் 74 தொட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்ததும் அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்குத்தான். ஐந்து வருடத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஜாடியில் இறைச்சி அடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, போட்டுலிசம் விதைத்துகள் அதில் சாகாது. அதற்கென்றே உள்ள பிரஷர் கேனரில் 116 டிகிரி வேண்டும். அரை லிட்டர் ஜாடிக்கு 75 நிமிடம், ஒரு லிட்டர் ஜாடிக்கு 90 நிமிடம், உயரமான இடமானால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சமையல் குக்கர் அதற்கு ஈடு இல்லை.

டின்_டப்பா

டின் மீன் பற்றி விட்டுப்போனது. 104 டின் என்றால் வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

தண்ணீரிலோ எண்ணெயிலோ போட்டதை எடுங்கள். தக்காளிச் சாற்றில் போட்டது புளிப்பு, டின்னின் உட்பூச்சை அரிக்கும், ஒன்றரை வருடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்றவை மூன்று முதல் ஐந்து வருடம் நல்ல தரத்தில் இருக்கும். எண்ணெயில் போட்டது கலோரிக்கும் உதவும், அந்த எண்ணெயைக் கொட்டாமல் சோற்றில் பிசைந்துகொள்ளலாம்.

டின் சின்னதாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் ஓடாத நாளில் திறந்த மீனை அடுத்த வேளைக்கு வைக்க முடியாது. வெளியில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும், மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. நாலு பேர் ஒரு வேளையில் முடிக்கும் அளவுதான் சரியான அளவு. பிள்ளைக்குப் பெரிய மீனைவிட மத்தி போன்ற சின்ன மீன் நல்லது, பாதரசம் குறைவு.

இழுத்துத் திறக்கும் வளையம் உள்ள மூடி வசதிதான். ஆனால் அந்த வெட்டுக் கோட்டில் தகடு மெல்லியது, மேலே கனம் விழுந்தால் முதலில் விடுவது அங்கேதான். பாதியாவது சாதாரண மூடியாக வாங்கி, டின் ஓப்பனர் இரண்டு வையுங்கள்.

தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். மேலும் கீழும் மடிப்பாக ஓடும் விளிம்பில் விரல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் மழுங்கலான சின்ன நசுங்கல் பரவாயில்லை. விளிம்பு மடிப்பில் நசுங்கினால், துடைத்தும் போகாத குழித்த துரு இருந்தால், மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால் அப்படியே அப்புறப்படுத்துங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை கூடாது.

விதைநெல்

பருப்பையும் பால் பவுடரையும் அடைக்கும் முறையைச் சொல்லுங்கள். எத்தனை அப்சார்பர் போடுவது என்பதில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

களஞ்சியம்

எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், கணக்கு போடலாம். 20 லிட்டர் வாளியில் ஏறக்குறைய 16 கிலோ பயறு பிடிக்கும். பயறு மணியின் சொந்த அடர்த்தி லிட்டருக்கு 1.3 கிலோ அளவு, ஆக மணிகள் அடைக்கும் இடம் 12.3 லிட்டர். மீதி 7.7 லிட்டர் காற்று. அதில் 21% ஆக்சிஜன், அதாவது 1.6 லிட்டர், 1600 சிசி. கொஞ்சம் கூட்டி 2000 சிசி போடுங்கள். 5 லிட்டர் பையில் 4 கிலோ பருப்பு என்றால் 500 சிசி ஒன்று போதும். மீல்மேக்கர் மாதிரி நிறையக் காற்று பிடிக்கும் பொருளுக்குப் பை முழுக்கக் காற்று என்றே வைத்துக் கணக்கிடுங்கள். 5 லிட்டருக்கு 1000 சிசி ஆகும். கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் பிரச்சினை.

பை அலுமினியம் உள்ள மைலார் பையாக, 125 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் மெதுவாக ஊறிவரும். வாளி எலிக்கும் அடிபடுவதற்கும்தான், காற்றைத் தடுப்பது பை.

அடைக்கும் முன் ஈரம் பார்க்க வேண்டும். உலர்ந்த உப்போடு பயறை ஜாடியில் குலுக்கி, கண்ணாடியில் உப்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பது 15%க்கு மேலான ஈரத்தைத்தான் காட்டும். நமக்கு வேண்டிய 10%ஐ அது சொல்லாது. 100 கிராம் பயறை உடைத்து, 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து நிறுத்துப் பாருங்கள். 90 கிராமுக்குக் கீழே போனால் மொத்தத்தையும் இன்னும் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும்.

அப்சார்பர் பொட்டலத்தைப் பிரித்ததும் 15, 20 நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். அதனால் பைகளை எல்லாம் முதலில் நிரப்பி, அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். மிஞ்சியதைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடுங்கள். தொட்டால் பொடி மாதிரி இருந்தால் உயிரோடு இருக்கிறது, ஓடு மாதிரி கட்டியாகியிருந்தால் வேலை முடிந்தது. பையின் வாயை ஒரு பலகை விளிம்பில் படுக்கவைத்து மூன்று நாலு விநாடி அழுத்தி, இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். மறுநாள் ஒட்டிய இடத்தை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள், பிரியக் கூடாது. பை கல் மாதிரி இறுகவில்லையே என்று பயப்பட வேண்டாம்: போனது காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான், நைட்ரஜன் உள்ளேயே இருக்கும்.

வண்டு பற்றி: பயறின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டமாகத் துளை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. ஆக்சிஜன் 1%க்குக் கீழே இரண்டு வாரம் இருந்தாலே உள்ளே இருப்பது செத்துவிடும். அப்சார்பர் இல்லாதவர்கள் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும் வரை பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் பயறின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

அடுப்பங்கரை

பால் பவுடர் அடைக்கிறவங்க கவனிங்க. தூள் பறந்து பையோட வாயில உள்பக்கம் படிஞ்சிடும், கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்துல ஒட்டு பிடிக்காது. பவுடரை முதல்ல ஒரு காகிதப் பையில போட்டு மடிச்சு, அதை மைலாருக்குள்ள இறக்குங்க. வாயை உலர்ந்த துணியால துடைச்சிட்டு ஒட்டுங்க. ஒரு கிலோவுக்கு மேல ஒரே பையில போடாதீங்க, திறந்த பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாயிடும்.

கொழுப்பு நீக்கினதா பார்த்து வாங்குங்க. முழுக் கொழுப்புப் பால் பவுடர் ஒரு வருஷத்துக்குள்ளேயே காறல் வாடை அடிச்சிடும். நிலக்கடலையும் அதே கதிதான், பாதி எடை எண்ணெய். வருஷா வருஷம் சாப்பிட்டு மாத்துறதா இருந்தா மட்டும் வைங்க.

கலக்குறதுக்கு 100 கிராம் பவுடருக்கு 900 மில்லி தண்ணி. முட்டைப் பவுடர் 12 கிராமுக்கு மூணு பங்கு தண்ணி ஊத்தினா ஒரு முட்டை. அதை நல்லா வேகவச்சுத்தான் சாப்பிடணும்.

மலைமுகடு

அப்படியானால் மீல்மேக்கர்? 50% புரதம், வேகவைக்கப் பத்து நிமிடம். அதை ஏன் முதலில் வைக்கவில்லை?

களஞ்சியம்

வைக்கலாம், நல்ல பொருள். எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வதால் முழு சோயா மாதிரி காறாது. சூட்டோடு அழுத்திப் பிதுக்கும்போதே சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் பெரும்பாலும் அழிந்துவிடும். புரதமும் பருப்பைவிட முழுமையானது. கடைப் பொட்டலத்தோடு வைத்தால் ஒரு வருடம், மைலாரில் அடைத்தால் பத்து வருடப் பக்கம் வரும். குறை இரண்டு: இடம் அடைக்கும், சோயா ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் ஆகாது. 25 கிலோ பருப்பில் 5 கிலோவைக் குறைத்து 2.5 கிலோ மீல்மேக்கர் வைத்தால் புரதம் அப்படியே இருக்கும், எரிபொருள் இன்னும் குறையும். கூரான ஓரங்கள் பையைக் குத்தும், உள்ளே ஒரு காகிதப் பை போடுங்கள்.

சத்துக்கணக்கு

எரிபொருள் போலவே தண்ணீரையும் புரதத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும். புரதம் உடைந்து வரும் யூரியாவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும். உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் உணவுக் கட்டியில் மாவும் சர்க்கரையும் கொழுப்புமாக இருந்து புரதம் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் டின் மீனை வரிசையாகத் திறக்காதீர்கள், அதில் உப்பும் உண்டு. தண்ணீர் ஏற்பாடு சரியான பிறகு முழு அளவுக்கு வாருங்கள். வயதானவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் நான் போட்ட 66 கிராம் பொருந்தாது, அவருடைய மருத்துவர் சொல்லும் அளவுதான். ஒரு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடுகளில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. அதற்கான பவுடரைத் தேதி பார்த்துத் தனியாக வைத்து, தேதி முடியும் முன் மாற்ற வேண்டும்.

விதைநெல்

முடிவு செய்தது: மைசூர் பருப்பு 15 கிலோ, கொண்டைக்கடலை 5, மீல்மேக்கர் 2.5, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 9, மத்தி டின் 104. அடைத்து வைத்த பிறகு, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பையைப் பிரிக்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

களஞ்சியம்

பிரிக்காமல் தெரியாது. அதனால் அடைக்கும் அன்றே ஒவ்வொரு பொருளிலும் 200 கிராம் வீதம் ஐந்து சின்னப் பைகள் தனியாக அடைத்து, பெரிய வாளிகள் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். வருடம் ஒன்று பிரியுங்கள். பால் பவுடர் நிறம் மாறியிருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள், வெந்நீரில் கரைத்து முகருங்கள். கொண்டைக்கடலையில் 100 கிராமை ஊறவைத்துக் குக்கரில் எத்தனை நிமிடத்தில் மசிகிறது என்று பையின் மேலேயே எழுதுங்கள். முதல் வருடம் 20 நிமிடம், மூன்றாம் வருடம் 35 என்று ஏறினால் அந்த வாளியை இறக்கிச் சமையலுக்கு எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். அதை இன்னும் இரண்டு வருடம் வைத்துப் பார்க்க வேண்டாம். கூடவே ஒரு தெர்மாமீட்டரை அந்த அறையில் மாட்டுங்கள். 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு, அதனால் மேல்மாடி அறையையும் அடுப்புக்குப் பின்சுவரையும் தவிர்த்தாலே வாழ்நாள் கூடும்.

டின்களுக்கு இது தேவையில்லை. வாரம் இரண்டு எடுத்துச் சாப்பிட்டு, வாங்கியதைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டே வாருங்கள். 104 டின் ஒரு வருடத்தில் முழுதாகச் சுழன்றுவிடும்.